புள்ளி மாறலாம், துளை மாறாது

(‘யாருக்கும் புரியாத கணிதத்தால் யாருக்கு என்ன பயன்?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்த்தப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



இன்றைய தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. பொதுவாகப் பேசி நழுவுவதைவிட, யாருக்கும் புரியாது என்று பெயரெடுத்த ஒரு கணிதத்தையே எடுத்துக்கொண்டு பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் ‘பரப்புகளின் மேல் குவாண்டம் குலச் சமச்சீர் கொண்ட பின்னல் அளவைக் கோட்பாடு’. பெயரைக் கேட்டதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். அளவை, பின்னல், பரப்பு, குலம் என்று நான்கு சொற்கள்தான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

உங்களில் பலர் மாக் மண்டின், பட்டர்வொர்த் வட்டாரத்துக்காரர்கள். தொழிற்பேட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாலத்தைத் தாண்டிப் போனால் பாயான் லெப்பாஸ். 1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது நம் பினாங்கில்தான். அன்று தொடங்கி இன்றுவரை கணினிச் சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் வேலை. ஆகவே, ‘ரிஜெக்ட்’ என்ற சொல்லின் கனம் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பார்த்தாலே கெடும் சரக்கு

சாதாரணச் சில்லில் தகவல் 0 அல்லது 1 என்று இருக்கிறது. அது கெட்டுவிடும் என்று பயம் இருந்தால் அதே எண்ணை மூன்று இடங்களில் எழுதி வைக்கலாம். ஒன்று மாறிப்போனாலும் மற்ற இரண்டும் சாட்சி சொல்லும்.

குவாண்டம் கணினியில் இந்த வழி அடைபட்டுப் போகிறது. அங்கே ஒரு குவாண்டம் பிட்டில் 0, 1 இரண்டும் கலந்த நிலை இருக்கும். தெரியாத ஒரு கலவையை நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் நிறுவிவிட்டார்கள். சரி, எட்டிப் பார்த்துச் சோதிக்கலாம் என்றால், பார்த்த மாத்திரத்தில் கலவை கலைந்து 0 அல்லது 1 ஆகிவிடும். சிறு வெப்பம், சிறு மின்சலனம் பட்டாலும் கெட்டுவிடும்.

நகலெடுக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. ஆனாலும் கெட்டுப்போனால் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். இப்படி ஒரு வேலையைத் தரச்சோதனைப் பிரிவில் கொடுத்தால் நாம் என்ன சொல்வோம்? முடியாது என்றுதான் சொல்வோம். ஆனால் வழி இருக்கிறது. அந்த வழியின் பாதி, கணினியைப் பற்றியே நினைக்காத சிலரால் முன்பே போடப்பட்டிருந்தது.

ஊருக்கு ஒரு மரக்கால்

முதல் சொல் ‘அளவை’. பழைய தமிழகத்தில் எல்லா இடத்திலும் ஒரே மரக்கால் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்ததைச் சொல்கின்றன. அது ‘இராசகேசரி’ என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் சேர்த்துப் பொறித்தார்கள். அளவுகள் பல புழங்கியதால்தான் அப்படி எழுத வேண்டி வந்தது. இங்கே மலாயாவிலும் கட்டிக் கணக்கும் கிலோக் கணக்கும் ஒன்றாக ஓடிய காலத்தைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள்.

மூன்று ஊர்களைக் கற்பனை செய்யுங்கள். முதல் ஊரின் 1 மரக்கால் இரண்டாம் ஊரில் 2 மரக்கால். இரண்டாம் ஊரின் 1 மரக்கால் மூன்றாம் ஊரில் 3. மூன்றாம் ஊரின் 6 மரக்கால் முதல் ஊரில் 1. ஒரு வணிகர் 1 மரக்கால் நெல்லோடு புறப்பட்டுச் சுற்றி வருகிறார். 1 இரண்டாகிறது, 2 ஆறாகிறது, 6 மீண்டும் ஒன்றாகிறது. கணக்கு நேர்.

இப்போது மூன்றாம் சாலையில் மட்டும் ‘5 கொடுத்தால் 1’ என்று மாற்றுகிறார்கள். சுற்றி வந்தவர் கையில் 1.2 மரக்கால் இருக்கும். எங்கிருந்தோ 0.2 வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு மாற்றம் செய்து பாருங்கள். இரண்டாம் ஊர்ப் பஞ்சாயத்து தன் மரக்காலைப் பாதியாகச் சிறிதாக்குகிறது. முதல் சாலையின் எண் 2இலிருந்து 4 ஆகும். இரண்டாம் சாலையின் எண் 3இலிருந்து ஒன்றரை ஆகும். 4ஐ ஒன்றரையால் பெருக்கினால் அதே 6. சுற்றி வந்த கணக்கு இம்மியும் மாறவில்லை!

இதுதான் அளவைக் கோட்பாட்டின் உயிர்நாடி. தன் மரக்காலை மாற்றுவது அந்தந்த ஊரின் உரிமை. மாற்றினால் அந்த ஊரைத் தொடும் சாலைகளின் எண்கள் மாறும். வளையமாகச் சுற்றி வந்த விடை மட்டும் மாறாது. எந்த ஊர் எந்த மரக்காலை வைத்தாலும் மாறாமல் நிற்பது எதுவோ அதுவே உண்மையில் இருப்பது என்று இயற்பியலாளர்கள் கொள்கிறார்கள். அந்த 0.2 இருக்கிறதே, அதற்கு இணையானதைத்தான் இயற்பியலில் புலம் என்கிறோம். மின்காந்தப் புலமும் அந்த வகைதான்.

ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அதுவே ‘பின்னல்’. 1971இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வெக்னர், கோடுகளில் +1, −1 என்ற இரண்டே எண்களை வைத்து இப்படி ஒரு மாதிரியை ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்கரான கென்னத் வில்சன், அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் வலுவிசையைக் கணக்கிட இதே பின்னலைப் பயன்படுத்தினார். அவர் கோடுகளில் வைத்தவை வெறும் எண்கள் அல்ல, சுழற்சிகளைப் போன்றவை. ஒரு புத்தகத்தை முன்னே புரட்டிப் பிறகு பக்கவாட்டில் திருப்புங்கள். அடுத்து வரிசையை மாற்றிச் செய்யுங்கள். இரண்டு முறையும் புத்தகம் ஒரே மாதிரி கிடக்காது. அவர் போட்ட வழியில் நடந்தே 2008இல் புரோட்டானின் நிறையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

வடையும் பந்தும்

அடுத்த சொல் ‘பரப்பு’. பின்னலை ஒரு பந்தின் மேல் வரையுங்கள். ஒவ்வொரு சிறு கட்டத்தையும் சுற்றி வந்தால் விடை 1, அதாவது எந்தக் கட்டத்திலும் கள்ளக் கணக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பந்தின் மேல் எவ்வளவு பெரிய வளையம் போட்டாலும் விடை 1தான். பெரிய வளையம் என்பது பல சிறு கட்டங்களின் கூட்டு, அவ்வளவுதான்.

இப்போது அதே பின்னலை உளுந்து வடையின் மேல் வரையுங்கள். துளைக்குள் நுழைந்து வெளியே வரும் வளையம் ஒன்று உண்டு. துளையைச் சுற்றி ஓடும் வளையம் இன்னொன்று. இவை எந்தச் சிறு கட்டங்களின் கூட்டுக்கும் ஓரமாக அமையாதவை. ஆகவே எல்லாக் கட்டமும் நேர்மையாக இருக்கும்போதே இந்த இரண்டு வளையங்களின் விடை 1 ஆக இல்லாமல் போகலாம். எந்த ஊரிலும் குற்றம் இல்லை. துளையைச் சுற்றி வந்தால் மட்டும் கணக்கு வேறு.

புள்ளிகளைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது மாறாது. புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கோடுகளைக் கழித்துக் கட்டங்களைக் கூட்டுங்கள். ஒரு கனசதுரத்தில் 8−12+6, அதாவது 2. பந்து போன்ற எதிலும் 2தான் வரும். வடையின் மேல் வரிசைக்கு மூன்றாக 9 புள்ளி வைத்தால் 9−18+9, அதாவது பூச்சியம். 900 புள்ளி வைத்தாலும் 900−1800+900, அதே பூச்சியம். புள்ளி மாறலாம், துளை மாறாது.

18 கோடுகள், 16 விதிகள்

1997இல் ருசிய இயற்பியலாளர் அலெக்ஸி கிட்டாயெவ் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். வடை மேல் 9 புள்ளி, 18 கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குவாண்டம் பிட். ஒவ்வொரு புள்ளியிலும் சந்திக்கும் நான்கு கோடுகளுக்கு ஒரு விதி. ஒவ்வொரு கட்டத்தின் நான்கு பக்கங்களுக்கும் ஒரு விதி. மொத்தம் 18 விதிகள். ஆனால் 8 புள்ளிகளில் விதி நிறைவேறினால் ஒன்பதாவது தானாக நிறைவேறும். கட்டங்களுக்கும் அப்படியே. ஆக, உண்மையில் 16 விதிகள். 18இல் 16 போக மிச்சம் 2. அந்த இரண்டு குவாண்டம் பிட் அளவு இடம்தான் நமக்குக் கிடைக்கும் நினைவகம்.

900 புள்ளி வைத்தால் 1800 கோடுகள், 1798 விதிகள். மிச்சம் அதே 2. கூட்டிய புள்ளிகள் எல்லாம் காவலுக்குத்தான்.

அந்த நினைவு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கேட்டால், எந்தக் கோட்டிலும் இல்லை. துளையைச் சுற்றிய முழு வளையத்தில்தான் இருக்கிறது. ஒரு கோடு கெட்டால் அதன் இரு முனையிலும் விதி உடையும். அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும். நாம் கேட்பது ‘இந்த நான்கும் சேர்ந்து ஒற்றையா, இரட்டையா’ என்பதை மட்டுமே. தனித்தனியாக எந்தக் கோட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே கலவை கலைவதில்லை. தவறுகள் கைகோத்துத் துளையைச் சுற்றி முழு வளையம் போட்டால்தான் நினைவு நமக்குத் தெரியாமல் அழியும். துளையைச் சுற்றிய பாதையை நீளமாக்க நீளமாக்க, அது நடப்பது மேலும் மேலும் அரிதாகும். இந்த மாதிரிக்கு அடிப்படை, 1971இல் வெக்னர் +1, −1 வைத்துப் பார்த்த அதே பின்னல் கோட்பாடு.

அச்சடித்த சுற்றறிக்கையும் பாகப்பிரிவினையும்

கடைசிச் சொல் ‘குலம்’. தமிழ்க் கணிதப் பாடநூல்களில் வழங்கும் சொல் இது. ஒரு பொருளை மாற்றம் தெரியாமல் திருப்பவும் புரட்டவும் உள்ள வழிகளின் தொகுப்பு என்று எளிமையாகச் சொல்லலாம். சதுரக் கோலம் ஒன்றை நான்கு வகையாகத் திருப்பலாம், நான்கு வகையாகப் புரட்டலாம். எட்டும் சேர்ந்தது ஒரு குலம். திருப்பிப் புரட்டுவதும் புரட்டித் திருப்புவதும் ஒன்றல்ல.

‘குவாண்டம் குலம்’ இதற்கும் ஒரு படி மேல். 1985இல் ஜப்பானின் மிச்சியோ ஜிம்போவும், 1986இல் பெர்க்லி உலகக் கணித மாநாட்டுக்கு எழுதிய உரையில் உக்ரேனில் பிறந்த விளாதிமிர் திரின்ஃபெல்டும் இதை வகுத்துக் காட்டினார்கள். பள்ளிக் கணக்கில் xy என்பதும் yx என்பதும் சமம். இங்கே வரிசை மாறினால் q என்ற ஒரு பெருக்கெண் கூடவே வரும். q ஒன்றானால் பழைய குலமே திரும்பக் கிடைக்கும்.

மரக்கால் கதையில் இதை வைத்துப் பார்ப்போம். ஓர் ஊர் தன் அளவை மாற்றினால் அந்தச் செய்தி அங்கே சந்திக்கும் எல்லாச் சாலைகளுக்கும் போக வேண்டும். சாதாரணக் குலத்தில் இது அச்சடித்த சுற்றறிக்கை மாதிரி. எல்லாச் சாலைக்கும் ஒரே நகல். குவாண்டம் குலத்தில் அது பாகப்பிரிவினை. மாற்றத்தைப் பங்கு போட்டுத்தான் கொடுக்க முடியும். மூத்தவர் பங்கும் இளையவர் பங்கும் ஒன்றாக இருக்காது. ஆகவே முதலில் யார், அடுத்து யார் என்ற வரிசை தேவைப்படுகிறது.

பரப்பின் அவசியம் இங்கேதான் தெரிகிறது. வெட்டவெளியில் பல கம்பிகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் அவற்றுக்கு இயல்பான வரிசை கிடையாது. ஒரு பரப்பின் மேல் சந்தித்தால் கடிகார முள் சுற்றும் திசையில் வரிசை தானாகக் கிடைக்கும். தொடங்கும் இடத்தை மட்டும் நாம் குறித்தால் போதும். 1990களில் ஃபொக், ரோஸ்லி, அலெக்செயெவ், குரோசே, ஷோமெரஸ், புஃபெனுவா, ரோஷ் ஆகியோர் இந்த வழியில் கோட்பாட்டைக் கட்டினார்கள். அண்மைக் காலத்தில் கேத்தரின் மொய்ஸ்பர்கரும் டெரெக் வைசும் அதைத் தெளிவான அடிப்படை விதிகளாக எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை சிக்கலுக்குப் பிறகும், ஊர்கள் தங்கள் மரக்காலை மாற்றினாலும் மாறாமல் நிற்கும் அளவுகளை மட்டும் திரட்டினால், அவை பின்னலைப் பொறுத்தவை அல்ல. பரப்பை மட்டுமே பொறுத்தவை.

கிட்டாயெவின் மாதிரியோடும் இதற்கு நேரடி உறவு உண்டு. அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும் புள்ளிகள் துகள்களைப் போல நகர்ந்து ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்த நடத்தையை ஆள்வது, ஒரு குலத்திலிருந்து திரின்ஃபெல்டு உண்டாக்கிக் காட்டிய ‘இரட்டை’ என்ற குவாண்டம் குலம்.

சென்னையில் நடந்த வேலை

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வேலை என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல. 1962 சனவரி 3ஆம் நாள் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று தரமணியில் இருக்கும் அந்த நிறுவனம் இந்தத் துறையில் பல வேலைகளைச் செய்திருக்கிறது.

ஒன்றைச் சொல்கிறேன். கயிற்றில் முடிச்சுப் போட்டு இரு நுனிகளையும் ஒட்டிவிடுங்கள். அந்த முடிச்சும், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றா, வேறா? 1984இல் வான் ஜோன்ஸ் கண்ட கோவை பல முடிச்சுகளுக்கு விடை சொன்னது. 1989இல் எட்வர்ட் விட்டன் அதை ஓர் அளவைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார். ஆனால் 10 குறுக்கல்கள் வரையுள்ள முடிச்சுகளில் இரண்டு மட்டும் பிடிகொடுக்கவில்லை. பட்டியலில் 9 குறுக்கல் கொண்ட 42ஆம் முடிச்சு ஒன்று; 10 குறுக்கல் கொண்ட 71ஆம் முடிச்சு மற்றொன்று. பிம்பத்திலிருந்து வேறுபட்டவை என்றாலும், அப்போது தெரிந்திருந்த கோவைகள் எதற்கும் அந்த வேறுபாடு தென்படவில்லை. 1994இல் ப. ரமாதேவி, டி. ஆர். கோவிந்தராஜன், ரொமேஷ் கௌல் ஆகிய மூவரும் அளவைக் கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் பொதுவான கணக்கைப் பயன்படுத்தி அந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள்.

அதே நிறுவனத்தில் விஜய் கொடியாலமும் வி. எஸ். சுந்தரும் பரப்புகளைக் கொண்டு அமையும் களக் கோட்பாடுகளைப் பற்றி 2001இல் நூல் எழுதினார்கள். 2007இல் க. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகியோர், கிட்டாயெவ் தேன்கூட்டுப் பின்னலில் அமைத்த இன்னொரு மாதிரிக்குத் துல்லியமான விடை கண்டார்கள். அங்கே ஒரு சுழற்சியைத் தட்டினால் அது அசையாத இரண்டு பாயங்களாகவும் ஓடும் ஒரு துகளாகவும் பிரிகிறது என்று காட்டினார்கள்.

கோலத்தைச் சொன்னேன் என்பதால் ஒரு வார்த்தை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாக வெளியிட்டார்கள். அந்த மரபில் வந்த கே. ஜி. சுப்பிரமணியன் பின்னாளில் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். இதை வைத்து நம் பாட்டிமார் குவாண்டம் கணிதம் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கோலத்துக்கும் பெருமை இல்லை, கணிதத்துக்கும் பெருமை இல்லை. புள்ளியும் கோடும் வைத்துச் சிந்திப்பது நமக்கு அந்நியம் இல்லை என்பது மட்டும் உண்மை.

ஆய்வுக்கூடத்தில் இன்று

2021இல் கூகள் ஆய்வாளர்கள் 31 குவாண்டம் பிட்டுகளில் கிட்டாயெவின் நிலையை உருவாக்கிக் காட்டினார்கள். 2024 டிசம்பரில் 105 குவாண்டம் பிட் கொண்ட ‘வில்லோ’ சில்லின் முடிவுகள் வெளியாயின. 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்று பின்னலைப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு படியிலும் தவறு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உறுப்புகளைக் கூட்டக் கூட்டத் தவறும் கூடும் என்பதே தொழிற்சாலையில் நாம் கண்ட அனுபவம். இங்கே கூட்டக் கூட்டக் குறைந்தது. அதே 2024இல் குவாண்டினுவம் நிறுவனம் 27 அயனிகளை வைத்து, சதுரத்தின் 8 சமச்சீர்களையே குலமாகக் கொண்ட நிலையை உருவாக்கியது. நமது சதுரக் கோலத்தின் அதே எட்டு.

பயனுள்ள பெரிய குவாண்டம் கணினி இன்னும் வந்துவிடவில்லை. ஆனால் 1971க்கும் 1997க்கும் இடையில் 26 ஆண்டுகள். 1997க்கும் 2024க்கும் இடையில் 27 ஆண்டுகள். வெக்னர் பின்னலை வரைந்தபோது ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு நிறுத்தியிருந்தால், பிறகு பயன் தேடி வந்தவர்கள் கையில் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. எல்லாத் தூய கணிதமும் இப்படிப் பயன் தரும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். எது தரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. இன்றைய தலைப்புக்கு என் பதில் அதுதான்.

கேள்வி நேரம்

மாணவர் ஒருவர்: ஐயா, அப்படியானால் சில்லை வடை மாதிரியா செய்கிறார்கள்?

நல்ல கேள்வி, தம்பி. இல்லை. சில்லு தட்டையாகத்தான் இருக்கிறது. தட்டையான பின்னலுக்கு நான்கு ஓரங்கள் உண்டல்லவா? எதிரெதிர் ஓரங்கள் இரண்டுக்கு ஒரு வகை விதியும் மற்ற இரண்டுக்கு வேறு வகை விதியும் வைக்கிறார்கள். துளையைச் சுற்றுவதற்குப் பதிலாக, ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை தவறுகள் கோத்துக்கொண்டு போனால்தான் நினைவு கெடும். துளையின் வேலையை ஓரங்கள் செய்கின்றன. கிடைக்கும் நினைவு இரண்டுக்குப் பதில் ஒன்று.

தாய் ஒருவர்: என் மகள் அடுத்த ஆண்டு நான்காம் படிவம் போகிறாள். கூடுதல் கணிதம் வேண்டாம் என்கிறாள். இந்த மாதிரிக் கணிதத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா, ஐயா?

அம்மா, உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கோட்பாட்டை மட்டும் நம்பி வேலை பெறுபவர்கள் உலகத்திலேயே குறைவு. ஆனால் இதன் வாசலில் நிற்கும் திசையன்கள், அணிகள், நிகழ்தகவு ஆகியவை சில்லுத் தொழிற்சாலை முதல் காப்புறுதி நிறுவனம் வரை வேண்டியிருக்கின்றன. பதினாறு வயதில் அந்த வாசலைச் சாத்திவிட்டால் பிறகு திறப்பது கடினம். கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒரு தாளில் வரிசைக்கு மூன்றாக 9 புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும், இடது ஓரம் வலது ஓரத்தோடும் ஒட்டியிருப்பதாக நினைத்துக் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். 18 வர வேண்டும். வந்ததும் ‘16 புள்ளி வைத்தால் எத்தனை கோடு?’ என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே எண்ணத் தொடங்கினால், பாடத்தைப் பற்றிய முடிவை அவளிடமே விட்டுவிடலாம்.